ஏஜெண்டுக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு?

(நமது இயக்கத்தின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை. வாசகர்கள் கேட்டுக்கொண்டதால், பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



இந்த மேடையில் வழக்கமாகத் தமிழ்ப்பள்ளி நிலம் பற்றிப் பேசுவோம், அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம், உடைபட்ட கோயில்களைப் பற்றிப் பேசுவோம். இன்றைக்குப் பங்குச் சந்தை பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: "அண்ணே, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அது டத்தோமாருங்க ஆட்டமாச்சே?"

நியாயமான கேள்வி. அரசாங்கத்தின் சொந்தக் கணக்குப்படி 1970-ல் இந்த நாட்டுக் கம்பெனிகளின் பங்குகளில் இந்தியர்கள் கையில் இருந்தது 1.1 விழுக்காடு. 2008-ல் 1.6 விழுக்காடு. இடையில் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது, மலேசியத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முப்பத்தெட்டு ஆண்டுகளில் நாம் ஏறியது அரை விழுக்காடு. ரப்பர் மரத்தை நட்டவர்கள், ரயில் தண்டவாளம் போட்டவர்கள் கணக்கு இது. இதற்காக அரசாங்கத்தைக் கேள்வி கேட்பதை நாம் நிறுத்தப் போவதில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் வரும்வரை, மாதக் கடைசியில் கையில் மிஞ்சுகிற ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளியை என்ன செய்வது? இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. சொல்ல வந்தவர்கள் பெரும்பாலும் விற்க வந்தவர்கள்.

பங்கு என்றாலே நம் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது மைக்கா. 1982-ல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோது ஏறக்குறைய 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். தோட்டப்புறத்தில் பால் வெட்டியவர்கள், தோடும் சங்கிலியும் அடகு வைத்தவர்கள் அதில் நிறையப் பேர். 2010-ல், இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, ஒரு பங்குக்கு 80 காசு கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்கள். இடையில் கிடைத்த ஈவுத்தொகை தனி. அதே காலத்தில் ஊழியர் சேமநிதியில், நாம் இபிஎப் என்று சொல்கிறோமே, அதில் கிடந்த ஒரு வெள்ளி ஐந்து வெள்ளிக்கு மேல் ஆகியிருக்கும். எண்பதுகளில் இபிஎப் ஆண்டுக்கு 8, 8.5 விழுக்காடு கொடுத்த காலம்.

மைக்கா பற்றி அரசியல் பேச நான் வரவில்லை. அது வேறு கூட்டம், அதற்கு ஒரு நாள் போதாது. எனக்கு அதில் தெரிவது ஒன்றுதான். அத்தனை பேருடைய பணமும் ஒரே கம்பெனியில், ஒரே நிர்வாகத்தின் கையில், ஒரு தலைவர் முகத்தை நம்பிப் போனது. ஒரு முட்டை உடைந்தால் பரவாயில்லை. கூடையே விழுந்தது.

இப்போது குறியீட்டு நிதிக்கு வருகிறேன். பெயர்தான் பெரிசு. விஷயம் சின்னது.

சாயங்காலச் செய்தியில் "கோலாலம்பூர் பங்குச் சந்தை இன்று ஐந்து புள்ளி ஏறியது" என்கிறார்களே, அந்தப் புள்ளி எதன் புள்ளி? புர்சா மலேசியாவில் உள்ள ஆகப் பெரிய 30 கம்பெனிகளைச் சேர்த்துப் போடும் கணக்கு அது. முன்பு 100 கம்பெனிகள் இருந்தன, 2009-ல் 30 ஆக்கினார்கள். மேபேங்க், பப்ளிக் பேங்க், தெனாகா, இப்படி நீங்கள் தினமும் பணம் கட்டும் கம்பெனிகள்தான் அதில் இருக்கின்றன. மின்சாரக் கட்டணம் கட்டுகிறோமே, அந்தக் கம்பெனியின் ஒரு துளி நமக்கும் சொந்தமாகலாம். அந்தப் பட்டியலில் எது எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் நிதிதான் குறியீட்டு நிதி. ஆங்கிலத்தில் இண்டெக்ஸ் ஃபண்ட். அந்த நிதியின் அலகைப் பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்க முடிந்தால் அதற்கு இ.டி.எஃப். என்று பெயர். எந்தக் கம்பெனி நல்லது, எது கெட்டது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. யோசிப்பவருக்குச் சம்பளம் கொடுக்கவும் வேண்டியதில்லை. அதனால்தான் செலவு குறைவு.

மற்றது யூனிட் டிரஸ்ட். அங்கே ஒரு மேனேஜர் இருக்கிறார். அவர் ஆராய்ச்சி செய்து, நல்லது என்று தோன்றுவதை வாங்குகிறார். அதற்கு ஆண்டுக்கு 1.5 விழுக்காடு வரை நம் பணத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்பே, நுழையும்போதே, விற்பனைக் கட்டணம் என்று 5 விழுக்காடு வரை போய்விடும். இபிஎப் பணத்தை எடுத்து அப்படிப் போட்டால் நுழைவுக் கட்டணம் 3 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது.

நானும் ஏமாந்தவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். 2007-ல் ஓவர்டைம் செய்து சேர்த்த 10,000 வெள்ளியை நிரந்தர வைப்பில் போட ஒரு வங்கிக்குப் போனேன். முகப்பில் இருந்த அம்மணி "அங்கிள், இதைவிட நல்லது இருக்கு" என்று ஒரு வண்ணத் தாளைக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து கடிதத்தைப் பார்த்தால் அலகு வாங்கியது 9,500 வெள்ளிக்கு. மீதி 500 எங்கே என்று கேட்கவும் கூச்சம். 2008-ல் சந்தை விழுந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் 1,500 புள்ளிக்கு மேல் இருந்தது அக்டோபரில் 830-க்குக் கீழே போனது. என் கணக்கும் கிட்டத்தட்டப் பாதியானது. அப்போது வேறொரு ஏஜெண்டு வந்து, "அண்ணே, அதை வித்துட்டு இந்த நிதிக்கு மாறுங்க" என்றார். மாறினேன். மறுபடியும் 5 விழுக்காடு. பிறகு பயந்துபோய் எல்லாவற்றையும் விற்றேன். விற்ற மறு ஆண்டு சந்தை ஏறியது. என் மனைவி இன்னும் அந்தக் கதையை விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஏஜெண்டுகளை நான் திட்டவில்லை. அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான், கமிஷனில் வீட்டு வாடகை கட்டுகிறார்கள். ஆனால் அவர்களுடைய வாடகையை யார் கட்டுகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கணக்குப் போடுவோம். ஒரு தங்கை கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து வைத்திருக்கிறார், நான் சொல்வதைச் சரிபார்க்கலாம்.

மாதம் 100 வெள்ளி. இருபது ஆண்டுகள். கையிலிருந்து போனது மொத்தம் 24,000. சந்தை ஆண்டுக்கு 6 விழுக்காடு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது உறுதி இல்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். யூனிட் டிரஸ்டில் போட்டால், நூறில் 5 வெள்ளி வாசலிலேயே போகிறது. உள்ளே போன 95-க்கு ஆண்டுக் கட்டணம் 1.5 போக 4.5 விழுக்காடு கிடைக்கிறது. இருபது ஆண்டு முடிவில் ஏறக்குறைய 36,870 வெள்ளி. குறைந்த செலவு நிதியில் அரை விழுக்காடுதான் கட்டணம், 5.5 கிடைக்கிறது. முடிவில் ஏறக்குறைய 43,560 வெள்ளி. வித்தியாசம் 6,690.

6,690 வெள்ளி பெரிதா சிறிதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். லாபத்தை மட்டும் பாருங்கள். ஒருவருக்கு லாபம் 19,560. இன்னொருவருக்கு 12,870. ஒரே சந்தை, ஒரே பணம், ஒரே இருபது ஆண்டு. லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே கழன்று போயிருக்கிறது. "ஒன்றரை விழுக்காடுதானே" என்று சொல்வார்கள். நூறில் ஒன்றரை இல்லை அது. சந்தை கொடுக்கிற ஆறில் ஒன்றரை. அதை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அந்த மேனேஜர் ஆராய்ச்சி செய்து அதிகமாகச் சம்பாதித்துக் கொடுத்தால் கட்டணம் நியாயம்தானே என்று கேட்கலாம். கொடுத்தால் நியாயம்தான். அமெரிக்காவில் ஜான் போகல் என்பவர் 1976-ல் சாதாரண மக்களுக்கென்று முதல் குறியீட்டு நிதியைத் தொடங்கினார். 15 கோடி டாலர் சேரும் என்று எதிர்பார்த்தார்கள், சேர்ந்தது ஒரு கோடியே 13 லட்சம். போகலின் முட்டாள்தனம் என்று சிரித்தார்கள். அவர் தொடங்கிய வேன்கார்டு இன்று உலகின் ஆகப் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்று. பிறகு 2008-ல் வாரன் பஃபெட் ஒரு பந்தயம் கட்டினார். அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளை வைத்திருக்கும் ஒரு சாதாரணக் குறியீட்டு நிதி ஒரு பக்கம். பெரும் பணக்காரர்களின் பணத்தை நிர்வகிக்கும் நிபுணர்களின் ஐந்து நிதித் தொகுப்புகள் மறுபக்கம். பத்து ஆண்டு. 2017 முடிவில் குறியீட்டு நிதி 125.8 விழுக்காடு வளர்ந்திருந்தது. அந்த ஐந்தில் முதலாவது வந்தது 87.7, கடைசியாக வந்தது 2.8. அந்த நிபுணர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் வாங்கிய கூலி அதிகம், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பேச்சை முடித்தால் நானும் ஒரு ஏஜெண்டு ஆகிவிடுவேன். குறியீட்டு நிதி வாங்குங்கள், வணக்கம் என்று போய்விடலாம். ஆனால் மலேசியக் கணக்கு வேறு.

நம் நாட்டுக் குறியீடு 2014 முடிவில் 1,761 புள்ளி. 2024 முடிவில் 1,642. பத்து ஆண்டு கழித்துக் குறைந்திருக்கிறது. ஈவுத்தொகையைச் சேர்த்தால் நட்டம் இல்லை, ஆனால் பெரிய லாபமும் இல்லை. எஃப்.டி.எஸ்.இ. புர்சா மலேசியா கே.எல்.சி.ஐ. இ.டி.எஃப். என்று ஒன்று 2007-லிருந்து நம் சந்தையில் இருக்கிறது, ஆண்டுக் கட்டணம் அரை விழுக்காட்டை ஒட்டி. குறைந்த செலவுதான். ஆனால் மலிவான டிக்கெட் வாங்கினாலும் பஸ் நகரவில்லை என்றால் என்ன செய்வது? 30 கம்பெனிகளில் பெரிய எடை வங்கிகளுக்கு. ஒரே நாடு, ஒரே நாணயம். இதுவும் ஒரு வகையில் ஒரே கூடைதான், கொஞ்சம் பெரிய கூடை.

அதே பத்து ஆண்டு இபிஎப் என்ன கொடுத்தது? 2015-லிருந்து 2024 வரை ஒரு ஆண்டுகூட 5 விழுக்காட்டுக்குக் கீழே போகவில்லை. ஆகக் குறைவு கொரோனா ஆண்டான 2020-ல், 5.20. ஆக அதிகம் 2017-ல், 6.90. 2024-ல் 6.30. பத்து ஆண்டுக்கு முன் கிடந்த 1,000 வெள்ளி 1,770 ஆகியிருக்கும். வாசலில் 5 விழுக்காடு பிடிப்பதில்லை. சாதாரணக் கணக்கில் குறைந்தது 2.5 விழுக்காடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதன் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருக்கிறது. அதாவது, உலகம் முழுதும் பரப்பி வைத்த, செலவு குறைந்த, இன ஒதுக்கீடு இல்லாத ஒரு நிதி நம் எல்லார் பெயரிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதை நாம் பிள்ளை கல்யாணத்துக்கு எடுக்கும் பணமாக மட்டும் பார்க்கிறோம்.

அதனால் என் முதல் கோரிக்கை இண்டெக்ஸ் பற்றியது இல்லை. உங்கள் முதலாளி இபிஎப் கட்டுகிறாரா என்று பாருங்கள்.

இங்கே பாதுகாவலர் வேலை, துப்புரவு வேலை, லோரி ஓட்டும் வேலை செய்பவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். சரி. 1,700 வெள்ளி சம்பளம் என்றால் உங்கள் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. மாதம் 408. சம்பளச் சீட்டில் பிடித்ததாக எழுதிவிட்டு வாரியத்துக்குக் கட்டாத குத்தகைக்காரர்கள் இருக்கிறார்கள். மாதா மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஐ-அக்காவுன் செயலியில் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். இரண்டு ஆண்டு கட்டாமல் விட்டால் போனது கிட்டத்தட்ட 9,800 வெள்ளி. எந்த இ.டி.எஃப். வந்தாலும் அந்த ஓட்டையை அடைக்காது. புகார் கொடுக்கப் பயமாக இருந்தால் நம்மிடம் வாருங்கள், பத்துப் பேராகப் போவோம்.

சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுபவர்கள், உணவு அனுப்பும் வேலை செய்பவர்கள், பலகாரம் சுட்டு விற்கும் அம்மாமார்கள், உங்களுக்கு முதலாளி இல்லை. நீங்களே போடலாம். ஐ-சாராஆன் திட்டத்தில் 2025-க்கு அரசாங்கம் அறிவித்தது, நீங்கள் போடுவதில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, மேலே போட்டுக் கொடுக்கும். 2,500 போட்டால் 500. எந்தச் சந்தையும் உட்கார்ந்த இடத்தில் அப்படிக் கொடுக்காது. இது வருடா வருடம் மாறக்கூடியது, போடும் முன் அந்த ஆண்டு விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜோகூரிலிருந்து விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போகும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரின் சி.பி.எஃப். அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் போகிறவர்களுக்கு அங்கே சேமநிதி இல்லை, இங்கேயும் யாரும் கட்டுவதில்லை. சம்பளம் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் ஐம்பத்தைந்து வயதில் கணக்கைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. நீங்களாக இங்கே இபிஎப்-பில் போடலாம், ஆண்டுக்கு 100,000 வெள்ளி வரை அனுமதி. நூறு சிங்கப்பூர் வெள்ளியில் தொடங்குங்கள்.

இபிஎப்-புக்கு ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். 2024 மே மாதத்திலிருந்து புதிதாகப் போடும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் கணக்குக்கும் போகிறது. ஆகவே பெரும்பகுதி பூட்டிய பெட்டி. அவசரத்துக்கு உதவாது. பூட்டு இருப்பது நல்லது என்பதையும் பார்த்தோம். கொரோனா காலத்தில் பூட்டைத் திறந்துவிட்டார்கள், நாடு முழுதும் 14,500 கோடி வெள்ளி வெளியே போனது. பசித்தவன் எடுத்தான், அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அந்தப் பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

அடுத்து அமானா சஹாம். ஏ.எஸ்.பி. 1990-லிருந்து இருக்கிறது, பூமிபுத்ராக்களுக்கு மட்டும். நமக்குக் கதவு அமானா சஹாம் மலேசியா வகை நிதிகள். ஒரு அலகு ஒரு வெள்ளி, அது மாறாது. நுழைவுக் கட்டணம் இல்லை. அண்மை ஆண்டுகளில் கொடுத்தது நான்கு விழுக்காட்டை ஒட்டியும் சற்று மேலும். வேண்டும்போது எடுக்கலாம். இதிலும் இன ஒதுக்கீடு உண்டு, ஒரு இனத்தின் பங்கு தீர்ந்தால் அடுத்தவர் விற்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசுவோம். ஆனால் நம் பங்கில் இடம் இருக்கும் நாளில் வாங்காமல் விட்டுவிட்டு எதிர்த்துப் பேசுவதில் அர்த்தம் இல்லை. பிள்ளை கல்லூரிப் பணத்துக்கு இது பொருத்தம்.

இவ்வளவும் செய்தபிறகும் கையில் கொஞ்சம் இருக்கிறது, பத்து பதினைந்து ஆண்டு தொடமாட்டேன் என்பவர்களுக்குத்தான் இ.டி.எஃப். அவர்களுக்கு நான் சொல்வது, மலேசியாவோடு நிற்காதீர்கள், உலகத்தை வாங்குங்கள். லண்டன் சந்தையில் பட்டியலிட்ட உலகக் குறியீட்டு நிதிகள் இருக்கின்றன. ஒரே அலகில் ஆயிரக்கணக்கான கம்பெனிகள், ஆண்டுக் கட்டணம் கால் விழுக்காட்டுக்கும் குறைவு. அதற்குக் கணக்குத் திறப்பது சிரமமாக இருந்தால், 2018-லிருந்து இங்கே உரிமம் பெற்ற ரோபோ ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் ஐம்பது, நூறு வெள்ளி போட்டால் அவர்களே வெளிநாட்டு இ.டி.எஃப். வாங்கி வைக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு கட்டணம் உண்டு, அடியில் இருக்கும் நிதிக்கும் ஒரு கட்டணம் உண்டு, இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மொத்தம் ஒரு விழுக்காட்டைத் தாண்டினால் யோசியுங்கள்.

ஏன் உலகம் என்றால், எந்த ஒரு நாட்டுக்கும் உத்தரவாதம் இல்லை. ஜப்பான் சந்தை 1989 முடிவில் எட்டிய உச்சியை மறுபடி தொட்டது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு ஆண்டு. அமெரிக்கச் சந்தையே 2000-லிருந்து 2009 வரை ஈவுத்தொகையோடு சேர்த்தும் நட்டத்தில்தான் இருந்தது. உலகத்தை வாங்கினாலும் விழும். 1997-ல் 1,270 புள்ளி இருந்த நம் சந்தை 1998 செப்டம்பர் முதல் தேதி 262-ல் நின்றது. அப்படி ஒரு நாள் மறுபடி வரும். அன்றைக்கு வாடகைக்கு வைத்த பணம் அதில் இருந்தால் நீங்கள் விற்றாக வேண்டும், என்னைப்போல.

சிறு முதலீட்டாளருக்கு ஒரு பொறி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. புர்சாவில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் தரகுக் கட்டணம். பல இடங்களில் ஆகக் குறைந்த கட்டணம் என்று ஏழெட்டு வெள்ளி பிடிப்பார்கள். மாதம் 100 வெள்ளிக்கு வாங்கி 8 வெள்ளி தரகு கொடுத்தால் அது 8 விழுக்காடு! யூனிட் டிரஸ்டைவிட மோசம். குறைந்த தரகுக்காரர்களும் இப்போது இருக்கிறார்கள், விசாரியுங்கள். இல்லையென்றால் ஆயிரம் வெள்ளி சேரும்வரை அமானா சஹாமில் வைத்திருந்து, ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு முறை வாங்குங்கள். ஆயிரத்துக்கு 8 வெள்ளி என்றால் 0.8. சகிக்கலாம். நம் ஊர் இ.டி.எஃப்.-களில் வாங்குவோர் விற்போர் குறைவு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகமாக இருக்கும். அதனால் "சந்தை விலைக்கு வாங்கு" என்று சொல்லாதீர்கள், இன்ன விலைக்கு என்று எழுதிக் கொடுங்கள்.

யாரெல்லாம் இதைத் தொடவே கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆலோங்கிடம் கடன் இருப்பவர்கள். கடன் அட்டையில் பாக்கி வைத்திருப்பவர்கள், அதற்கு ஆண்டு வட்டி 15-லிருந்து 18 விழுக்காடு. அதை அடைத்தாலே 18 விழுக்காடு லாபம், உறுதியான லாபம். மூன்று மாதச் செலவுக்குக் கையில் இல்லாதவர்கள். இவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

"மாதம் 10 விழுக்காடு தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதையும் கேட்டார்கள். வாரன் பஃபெட்டின் பந்தயத்தில் ஜெயித்த நிதி கொடுத்தது ஆண்டுக்கு எட்டரை விழுக்காடு. மாதத்துக்கு இல்லை, ஆண்டுக்கு. அதை வைத்து அளந்துகொள்ளுங்கள். செக்யூரிட்டீஸ் கமிஷன் இணையத்தில் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறது. பேங்க் நெகாராவும் ஒன்று வைத்திருக்கிறது. பெயரைத் தட்டிப் பாருங்கள். பட்டியலில் இல்லை என்பதால் நல்லவன் என்று ஆகிவிடாது, உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோயில் கமிட்டியில் இருக்கிறார், சொந்தக்காரர், இயக்கத்துக்காரர் என்பதெல்லாம் உரிமம் இல்லை. நம் இயக்கத்தின் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கூட்டு பிடிக்கும் அக்காமார்கள் என்னை முறைக்கிறார்கள். கூட்டு நம்பிக்கையில் ஓடுகிறது, எனக்குத் தெரியும், என் தாயார் அதில்தான் தையல் மெஷின் வாங்கினார். ஆனால் இந்த நாட்டில் 1971-லேயே கூட்டுத் தடைச் சட்டம் வந்துவிட்டது. தலைவி ஓடிப்போனால் போலீசில் என்ன சொல்வீர்கள்? நகைக்கும் இதே பதில்தான். தங்கம் விலை ஏறுகிறது, உண்மை. கடையில் வாங்கும்போது கூலி, சேதாரம், விற்கும்போது கழிவு. அது நம் வீட்டு நுழைவுக் கட்டணம். போட்டுக்கொள்ள வாங்குங்கள், சந்தோஷம். முதலீடு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. இபிஎப்-பில் வாரிசு பெயர் எழுதியிருக்கிறீர்களா? கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதிவிட்டு, அம்மா காலமாகி, பிறகு மாற்றாமல் விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். பெயர் இல்லையென்றால் விதவையும் பிள்ளைகளும் அலைய வேண்டும். பங்குக் கணக்குக்கு அப்படி வாரிசு எழுதும் வசதியும் இல்லை. அதற்கு உயில் வேண்டும். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று எழுதி, மனைவிக்குக் காட்டி வையுங்கள். மனைவிமார்களும் கணவருக்குக் காட்டி வையுங்கள், தீபாவளிப் பணம் எங்கே ஒளித்திருக்கிறது என்பதைத் தவிர.

பின்னால் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். இடப்பக்கம் தம்பிமார்கள் கணினியோடு இருக்கிறார்கள். அடையாள அட்டையும் கைப்பேசியும் இருந்தால் ஐ-அக்காவுன் திறந்து தருவார்கள். முதலாளி கட்டாத மாதங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் நான் இருப்பேன், யூனிட் டிரஸ்ட் கணக்குத் தாள் கையில் இருப்பவர்கள் வாருங்கள், கட்டணம் எவ்வளவு என்று சேர்ந்து படிப்போம். தாளைக் கொண்டு வராதவர்கள் முதலில் சாப்பிடுங்கள், சாம்பார் ஆறுகிறது.